துவர்ப்பைத் தேடி

1988-இல் நான் எம்.எஸ்சி. வேதியியல் மாணவன். ஆய்வுக்கு ஒரு மூலிகையை எடுத்துக்கொள் என்று பேராசிரியர் சொன்னதும், மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் இரண்டு கிலோ நெல்லிமுள்ளி வாங்கி வந்தேன். நெல்லியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை, விலை மலிவு. மஞ்சள் பையில் கறுத்துச் சுருங்கிக் கிடந்த வற்றலைப் பார்த்துவிட்டு விடுதிச் சமையல்காரர், "குழம்புக்கா தம்பி?" என்று கேட்டார். குறிப்பேட்டில் 'செடி சேகரித்த இடம்' என்ற கட்டத்தில் 'பஜார்' என்று எழுதினேன். அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

போன வருடம் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது ஒரு கல்லூரியில் பேராசிரியை, தன் ஆய்வகத்தைப் பார்க்க அழைத்திருந்தாள். அவளிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்ணும் நெல்லியில்தான் வேலை செய்கிறாள். அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். சிறுமலையில் எந்த மரம், அதன் அட்சரேகை தீர்க்கரேகை, காய் பறித்த தேதி, நேரம். அதே மரத்தின் கிளையை ஒடித்து அழுத்திக் காயவைத்து, தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டி, இது நெல்லிதான் என்று கையெழுத்து வாங்கி, உலர்தாவரச் சேகரிப்பில் வைத்து, அதற்கு ஓர் எண். அந்த எண் இல்லாவிட்டால் ஆய்விதழ்கள் கட்டுரையைத் தொடவே தொடாதாம். என் 'பஜார்' நினைவுக்கு வந்து கொஞ்சம் கூசியது.

நெல்லி என்றதும் அதியமானும் ஔவையாரும் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்கிறேன். எனக்குச் சொல்ல இருப்பது அந்தக் காயின் துவர்ப்பைப் பற்றி.

கடித்ததும் புளிப்பு. அதன் பின்னாலேயே நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. அப்புறம் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் தித்திப்பு. நடுவில் வரும் அந்தத் துவர்ப்புக்குச் சொந்தக்காரன் டானின். எச்சிலில் இருக்கும் புரதத்தை அது பிடித்துத் திரட்டிவிடுகிறது. வழுவழுப்பு போய் வாய் சொரசொரப்பாகிறது. திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்டவர்கள் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறப்போட்டுச் செய்ததும் இதே காரியம்தான். அங்கே மாட்டுத்தோலின் புரதம், இங்கே நம் வாயின் புரதம். ஆய்வகத்தில் நாங்கள் மாதக்கணக்கில் தேடியதை நாக்கு ஒரே நொடியில் கண்டுபிடித்து வைத்திருந்தது. எங்களுக்குத்தான் அது புரியவில்லை.

எப்படித் தேடினோம் என்று சொல்கிறேன். வற்றலை இடித்துப் பொடியாக்கி, தடித்த தாளில் செய்த உறையில் அடைத்து, சாக்ஸ்லெட் கருவியில் ஏற்றுவோம். பாலில் உள்ள கொழுப்பை அளக்க 1879-இல் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மானியர் வடிவமைத்த கண்ணாடிப் பாத்திரம் அது. கீழே கரைப்பான் கொதித்து, ஆவி மேலே போய்க் குளிர்ந்து, பொடியின் மீது சொட்டி, நிறைந்ததும் தானாகவே வடிந்து கீழே இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். முதலில் பெட்ரோலியம் ஈதர், பிறகு பென்சீன், கடைசியில் ஆல்கஹால். ஒவ்வொன்றும் ஒரு நாள், இரண்டு நாள். குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் அழுத்தம் கூடி ரப்பர் குழாய் கழன்றுகொள்ளும், காலையில் போனால் ஆய்வகம் தெப்பக்குளம். பென்சீனில் கை கழுவினோம், பிப்பெட்டை வாயால் உறிஞ்சினோம். பென்சீன் இரத்தப் புற்றுநோய் தரும் என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தில் இருந்தது புத்தகத்திலேயே இருந்தது.

பிறகு காலம் போடுவது. காலம் என்றால் நேரம் அல்ல. சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயை ஆங்கிலத்தில் சொல்வதை நாங்கள் எங்கள் வாய்க்கு வந்தபடி சொன்னது. "காலம் ஓடுதா?" என்று பேராசிரியர் கேட்டால், "ஓடுது சார்" என்போம். இரண்டு அர்த்தத்திலும் அது உண்மையாகத்தான் இருந்தது. சாற்றை மேலே ஊற்றி, கரைப்பானை மாற்றி மாற்றி விட்டால், சிலிக்காவோடு ஒட்டாதவை முதலில் இறங்கும், ஒட்டுகிறவை பின்தங்கும். ருஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ட்ஸ்வெட் 1900-களின் தொடக்கத்தில் இலையின் பச்சையையும் மஞ்சளையும் இப்படித்தான் பிரித்தார். கீழே சோதனைக்குழாய்களை வரிசையாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காபி குடிக்கப் போய்வருவதற்குள் குழாய் வறண்டு, சிலிக்காவில் வெடிப்பு விழுந்து, ஒரு வார வேலை போயிற்று என்று உட்கார்ந்த நாட்கள் உண்டு. மெல்லடுக்குத் தகடுகளை நாங்களே வார்த்தோம், கண்ணாடிச் சில்லில் சிலிக்கா மாவைக் கரைத்து, தோசை ஊற்றுவதுபோல. அயோடின் ஜாடிக்குள் வைத்தால் பொருள் இருக்கும் இடம் பழுப்புப் பொட்டாகத் தெரியும்.

மூன்று மாதம் கழித்துக் கிடைத்தது என்ன? முதலில் வெள்ளை ஊசிகள். உருகுநிலை 137 டிகிரி. பேராசிரியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பீட்டா-சிட்டோஸ்டீரால். தாவர வேதியியல் செய்த எவருக்கும் இந்தச் சிரிப்பு புரியும். எந்தச் செடியை எடுத்தாலும் அதுதான் முதலில் வந்து நிற்கும், கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாமல் முதல் பந்தியில் உட்காரும் உறவினர் மாதிரி. அடுத்து, ஆல்கஹால் சாற்றிலிருந்து காலிக் அமிலம். ஃபெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டதும் கருநீலம். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்குத் தெரிந்த அதே நிறம். பிறகு எதிலும் லேசில் கரையாத வெளிர்மஞ்சள் தூள், எலாஜிக் அமிலம். மூன்று பொருள், மூன்று சிறு குப்பி, மூன்று சீட்டு. திட்டம் முடிந்தது.

குழாயின் உச்சியில் மட்டும் ஒன்று நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தார்போல, பழுப்பாக. ஆல்கஹாலை முழுவதும் ஆவியாக்கிய குடுவையின் அடியிலும் அதே பிசின். சுரண்டினால் உதிரும், காற்றுப் பட்டால் ஈரம் இழுத்து மறுபடி ஒட்டும். எடையில் அதுதான் ஆகப் பெரிய பங்கு. "டானின். குப்பை. படிகமா வர்றதைப் பாரு" என்றார் பேராசிரியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய தாவர வேதியியலில் டானின் என்றால் இடைஞ்சல் என்றே பொருள். ஜெலட்டினோ ஈய அசிட்டேட்டோ போட்டு முதலில் அதை வெளியேற்றிவிட்டு, ஆல்கலாய்டு, டெர்பீன் என்று படிகமாகும் சீமான்களைத் தேடுவதுதான் வழக்கம். படிகமாகாததற்கு உருகுநிலை இல்லை. உருகுநிலை இல்லாததற்குப் பெயர் இல்லை.

ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல்லை அந்தத் திட்டத்தில் நான் ஓரிடத்தில்கூட எழுதவில்லை. எங்களுக்கு அந்தச் சொல் ரப்பர் பாடத்தில் வரும். டயர் வெடிக்காமல் இருக்க, எண்ணெய் காறாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். வெண்ணெய் உருக்கும்போது என் பாட்டி ஒரு கொத்து முருங்கை இலையைக் கிள்ளிப் போடுவாள். அதுவும் அதே வேலைதான் என்று எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. பாட்டியும் வாசத்துக்கு என்றுதான் சொன்னாள்.

இதில் என்ன வேடிக்கை என்றால், நான் குப்பை என்று ஒதுக்கிய அந்தப் பிசினைப் பற்றிச் சென்னையிலேயே ஐம்பது வருடம் முன்பு ஒரு கட்டுரை எழுதப்பட்டிருந்தது. பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. 1936-இல் 'பயோகெமிக்கல் ஜர்னல்' என்ற இங்கிலாந்து ஆய்விதழில், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்திலிருந்து எம். தாமோதரன், கே. ஆர். நாயர் இருவரும் எழுதியது. நெல்லிக்காயின் டானினும், வைட்டமின் சி-யைக் காப்பதில் அதன் பங்கும் என்பது பொருள்.

அந்த வருடங்களின் பரபரப்பு அப்படி. ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்ற ஹங்கேரியர் 1928-இல் கேம்பிரிட்ஜில் ஒரு வெள்ளைப் பொருளைப் பிரித்தெடுத்தார். அது என்ன சர்க்கரை என்று தெரியாததால், 'எனக்குத் தெரியாது' என்று பொருள்படும்படி ஒரு பெயர் வைத்தார். இதே பயோகெமிக்கல் ஜர்னலின் ஆசிரியர் அதை ஏற்கவில்லை. 'கடவுளுக்கே வெளிச்சம்' என்று பொருள்வரும் இன்னொரு பெயர் கொடுத்தார், அதுவும் தள்ளுபடி. 1932-இல் அதுதான் வைட்டமின் சி என்று தெரிந்தது. ஊர் திரும்பியவர் செகெட் நகரத்துச் சிவப்பு மிளகாயிலிருந்து அதை ஏராளமாக எடுத்தார், 1937-இல் நோபல் பரிசு வாங்கினார். உலகமே எந்தக் காயில் எவ்வளவு சி என்று பிழிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சென்னையில் இருந்த இருவர் வேறொரு கேள்வி கேட்டார்கள். சூடு பட்டால், காற்றுப் பட்டால் ஓடிவிடும் வைட்டமின், நெல்லி வற்றலில் மட்டும் எப்படித் தங்குகிறது?

பக்கத்திலிருக்கும் டானின்தான் காவல் என்பது அவர்கள் கண்ட விடை. அந்த டானினைப் பிளந்தால் காலிக் அமிலம், எலாஜிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றும் வருகின்றன. ஆக்சிஜன் வந்து வைட்டமினைத் தாக்குவதை டானின் தாமதப்படுத்துகிறது. இன்றைய மொழியில் சொன்னால் ஆன்டிஆக்சிடன்ட். இதுதான் என்று பெயர் சொல்லிக் காட்டத்தக்க ஒரு தனிப்பொருளை அவர்கள் பிரித்துவிடவில்லைதான். ஆனால் இரண்டு பொருள்கள் சேர்ந்து செய்யும் வேலையைப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் பலரும், நான் உட்பட, ஒற்றைப் பொருளைத் தேடிப் போனோம்.

வைட்டமின் சி-யை அன்று அளந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் வந்த குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு நீலச் சாயம். சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் வெளுக்கும். எத்தனை சொட்டில் வெளுத்தது என்பதுதான் கணக்கு. சாயத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. எலக்ட்ரான் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அது வெளுத்துவிடும். டானின் மண்டிய ஒரு காயில், வெளுத்த எல்லாப் பெருமையும் வைட்டமின் சி-க்கே எழுதப்படும் வாய்ப்பு இருந்தது.

குன்னூரில் சத்துணவு ஆய்வகம் இருந்த காலத்தில் தொடங்கி, அது 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய சத்துணவு நிறுவனம் ஆன பிறகும், அதன் அட்டவணையில் நெல்லிக்கு நேரே நின்ற எண் 600. நூறு கிராமுக்கு 600 மில்லிகிராம். நான் பள்ளியில் மனப்பாடம் செய்தது, நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொன்னது, எல்லாம் அந்த 600-தான். அதே நிறுவனம் 2017-இல் புது அட்டவணை வெளியிட்டது. நெல்லிக்கு நேரே 252. நெல்லி இளைத்துவிடவில்லை. அளக்கும் முறை மாறியது. இப்போதைய கருவி, கூட்டத்தில் வைட்டமின் சி-யை மட்டும் தனியே நிறுத்தி எண்ணுகிறது. ரகமும் மாறியிருக்கும், அன்று மலைநெல்லி, இன்று சந்தையில் எலுமிச்சை அளவில் வெளுத்த காய்கள், வடக்கே பைசாபாத்தில் தேர்ந்தெடுத்த என்.ஏ.-7, நம் பவானிசாகரில் வெளியிட்ட பி.எஸ்.ஆர்.-1 என்று. 252 என்பதும் ஆரஞ்சைப்போல நாலைந்து மடங்கு. அதற்காக 600 பொய் என்று எகிறவும் எனக்கு மனமில்லை. 1940-இல் ஹிசார் பஞ்சத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசிந்த ஜனங்களுக்கு நெல்லிப் பொடியைக் கொடுத்துத்தான் ஸ்கர்வியைத் தீர்த்தார்கள். அட்டவணையில் எண் எதுவாக இருந்தாலும் அந்த ஈறுகள் ஆறின.

1996-இல் கதை திரும்பியது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஷிப்நாத் கோஷலும் அவருடைய குழுவினரும் நெல்லியிலிருந்து இரண்டு புதிய டானின்களைப் பிரித்துவிட்டதாக அறிவித்தார்கள். எம்ப்ளிகானின் ஏ, எம்ப்ளிகானின் பி. நெல்லியின் தாவரவியல் பெயரிலிருந்தே பிறந்த பெயர். வைட்டமின் சி என்று இத்தனை நாள் கொண்டாடியது உண்மையில் இந்த டானின்களின் வேலை என்றார்கள். நான் அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. குழாயின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்ததற்கு ஒருவழியாகப் பெயர் வந்துவிட்டது!

அந்த ஆனந்தம் அதிக காலம் நீடிக்கவில்லை. 2001-இல் சீன, ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லியிலிருந்து ஃபில்லனெம்ப்ளினின் ஏ முதல் எஃப் வரை ஆறு டானின்களை வரிசையாக எடுத்து வைத்தார்கள். 2006-இல் இத்தாலியிலிருந்து ஒரு குழு அளந்து, நெல்லியில் வைட்டமின் சி இருக்கத்தான் செய்கிறது, அதன் ஆன்டிஆக்சிடன்ட் திறனில் 45 முதல் 70 சதவீதம் அதனுடையதே என்றது. 2009-இல் பெங்களூர் சாமி லேப்ஸைச் சேர்ந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். எம்ப்ளிகானின் என்று சொல்லப்பட்ட இரண்டையும் பிரித்துப் பார்த்தோம், ஒன்று பீட்டா-குளுக்கோகாலின், மற்றது மியூசிக் அமில லாக்டோனோடு காலிக் அமிலம் சேர்ந்த ஒன்று, இரண்டுமே எம்ப்ளிகானின் அல்ல என்று எழுதினார்கள். மியூசிக் என்றால் இசை இல்லை. பிசின் என்ற பொருளில் வந்த பெயர்.

யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்டால், கடைசியாகச் சொன்னவர்களின் ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு சங்கடம். ஒரு தாவரச் சாற்றை விற்க வேண்டுமானால் அதற்குள் 'இன்னது இத்தனை சதவீதம்' என்று ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் வைத்தவருக்கும் மறுத்தவருக்கும் பின்னால் சந்தை நிற்கிறது. சத்து மாத்திரை விளம்பரங்களில் எம்ப்ளிகானின் இன்னும் உலாவிக்கொண்டிருக்கிறது. பெயர் ஒருமுறை பொட்டலத்தில் ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம்.

சிறுமலைக் காய்க்கு வருகிறேன். அந்தப் பெண் காயைப் பறித்த அன்றே உறையவைத்து, உறைநிலையிலேயே வெற்றிடத்தில் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுகிறாள். சூடு என்ற பேச்சே இல்லை. பிறகு குளிர்ந்த அசிட்டோனும் தண்ணீரும் கலந்து அரைமணி நேரம் குலுக்கி வடிகட்டல். "எங்க சாக்ஸ்லெட் எங்கம்மா?" என்றேன். மேல் பரணில் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டினாள். "அதுல போட்டா டானின் எல்லாம் உடைஞ்சிரும் சார்" என்றாள்.

சுருக்கென்றது. நீரால் உடையும் டானின் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் பெயரே. குளுக்கோஸை நடுவில் வைத்து, சுற்றிலும் காலிக் அமிலத்தை மாட்டிய தோரணம். கொதிக்கவைத்தால் தோரணம் உதிரும். இரண்டு நாள் ஆல்கஹாலில் கொதிக்கவிட்டு நான் கண்டெடுத்த காலிக் அமிலத்தில் எவ்வளவு நெல்லி தந்தது, எவ்வளவு நானே உடைத்தது? மெத்தனாலில் கொதிக்கவைத்தவர்கள் இன்னும் மேலே போய், மெத்தில் காலேட் என்ற பொருளைத் தாங்களே சமைத்து, செடியில் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதம் நான் செய்தது பிரித்தெடுத்தலா, சமையலா என்று இப்போது சந்தேகம் வருகிறது. லேகியம் கிண்டும் வைத்தியர் தான் சமைப்பதாக ஒப்புக்கொண்டேதான் சமைக்கிறார். 'நிழலில் உலர்த்து' என்று எழுதி வைத்தவரும், 'எட்டொன்றாய்க் குறுக்கு' என்று எழுதி வைத்தவரும், பச்சைக் காய் வேறு, வற்றல் வேறு, குடிநீர் வேறு என்று தெரிந்துதான் வேறு வேறு நோய்க்கு வைத்திருக்க வேண்டும்.

அடுத்து அவள் காட்டியது ஒரு குட்டிக் குழாய். சிலிக்கா கிடையாது. செஃபடெக்ஸ் என்ற மணிகள், சர்க்கரைச் சங்கிலியால் ஆனவை. எங்கள் சிலிக்காவில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கிய டானின் இதில் ஒழுங்காக, சின்னது முன்னே பெரியது பின்னே என்று இறங்கி வருகிறது. பிறகு எச்.பி.எல்.சி. என்ற பிரிக்கும் கருவி, அதன் வாலில் மூலக்கூறை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். எங்கள் காலத்தில் ஒரு நிறமாலை எடுக்கப் பொட்டலம் கட்டி மெட்ராஸுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, கல்யாணத்துக்கு வரன் கேட்டு எழுதியவர் மாதிரி பதிலுக்குக் காத்திருப்போம். இங்கே நாற்பது நிமிடத்தில் திரையில் மலைத்தொடர்போல முகடுகள் எழும்புகின்றன. ஒரு முகட்டைச் சொடுக்கினாள். 331 என்று ஓர் எண். அதை உடைத்ததும் 169. "169 காலிக் அமிலம் சார். நடுவுல 162 போயிருக்கு, அது சர்க்கரை. அப்ப இது குளுக்கோகாலின்." கூட்டல் கழித்தல் கணக்கு. இன்னொன்று 633, அது கோரிலாஜின். 301, என் பழைய சிநேகிதர் எலாஜிக் அமிலம். இதற்கெல்லாம் அவள் செலவழித்த சாறு ஒரு கொசு குடிக்கும் அளவு.

திறனைச் சோதிப்பதும் மாறிவிட்டது. 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் அறிமுகப்படுத்திய டி.பி.பி.எச். என்ற ஊதாப் பொருள். ஆன்டிஆக்சிடன்ட் எதிரே வந்தால் ஊதா மஞ்சளாகும். 96 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டில், பணியாரச் சட்டிபோல வரிசையாக ஊற்றி, நெல்லிச் சாற்றை விட்டாள். கண்ணெதிரே வரிசை வரிசையாக ஊதா கலைந்தது. பார்க்கக் குழந்தைக்குக்கூடப் பிடிக்கும். இன்று எந்தக் கல்லூரியில் எந்த மூலிகையை எடுத்தாலும் இந்தச் சோதனை உண்டு. அன்று பீட்டா-சிட்டோஸ்டீரால் எல்லாச் செடியிலும் வந்ததுபோல, இன்று 'சிறந்த ஆன்டிஆக்சிடன்ட் திறன்' எல்லாச் செடியிலும் வந்துவிடுகிறது. டானின் இருக்கும் எதுவும் இந்தத் தேர்வில் தேறும். டீத்தூளும் தேறும், மாங்கொட்டையும் தேறும்.

என் மாணவி இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. டி.பி.பி.எச். நம் உடம்பில் எங்கும் கிடையாது. குழியில் ஊதா போனால் இரத்தத்தில் என்ன நடக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் எண்களை ஒரு பெரிய பட்டியலாக இணையத்தில் வைத்திருந்தது. மாத்திரைக் கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துவதைப் பார்த்து 2012-இல் பட்டியலையே எடுத்துவிட்டது. அதற்கும் முன்னால், 1994-இல் ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்திய ஆய்வில், பீட்டா-கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. காரட்டிலிருந்து கழற்றி எடுத்த பொருள் காரட் செய்த வேலையைச் செய்யவில்லை.

நெல்லியின் பெரிய டானின்கள் குடலைத் தாண்டி அப்படியே இரத்தத்துக்குள் போவதும் இல்லை. அவை எலாஜிக் அமிலமாக உடைந்து, குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கடித்துக் குதறி யூரோலித்தின் என்ற வேறு பொருளாக்குகின்றன. உள்ளே போவது அதுதான். எல்லோருடைய குடலிலும் அந்த நுண்ணுயிர்கள் இருப்பதில்லை. ஆகவே ஒரே நெல்லியை இருவர் தின்றால் இருவருக்கும் கிடைப்பது ஒன்றல்ல. இதைக் கேட்டதும் 'தேகவாகு பார்த்து மருந்து கொடு' என்று சொல்லும் எங்கள் ஊர் வைத்தியர் ஞாபகம் வந்தது. இதைத்தான் அவர் அன்றே சொன்னார் என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. அவருக்கு யூரோலித்தின் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு என்று அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை.

மாலை ஆகிவிட்டது. திரையில் பெயர் எழுதிய முகடுகள் ஒரு இருபது இருக்கும். நடுநடுவே பெயரில்லாமல் கேள்விக்குறியோடு நின்றவை அதைவிட அதிகம். வாலில், எல்லா முகடும் முடிந்த பிறகு, ஒரு மேடுபோல எழுந்து நெடுநேரம் இறங்காமல் கிடந்தது ஒன்று. இது என்ன என்று விரல் வைத்தேன்.

"அதுதான் சார் பெரிய தொல்லை. பெரிய டானின் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கிடக்குது. பிரியவே மாட்டேங்குது. எடையில பார்த்தா அதுதான் ஜாஸ்தி."

நான் என் தோள்பையிலிருந்து பழைய திட்டக் குறிப்பேட்டை எடுத்தேன். அவர்களிடம் காட்டத்தான் கொண்டுபோயிருந்தேன். அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் அயோடின் கறை. நான்கு பக்கம் தள்ளி என் கோணல் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'பழுப்புக் கட்டி. படிகமாகவில்லை. 41 கிராம்.'

அந்தப் பெண் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். கண் பெரிதாகிவிட்டது.

"நாப்பத்தோரு கிராமா! சார், நாங்க மில்லிகிராமுக்கு அலையுறோம். அந்தக் காலத்துக் காய் வேற. அது இப்ப எங்க சார் இருக்கு?"

"கழுவி ஊத்திட்டேம்மா" என்றேன். "குடுவையில ஒட்டிக்கிச்சு. அசிட்டோன் விட்டுத்தான் கழுவ முடிஞ்சது."